வன்னியில் இன்னொரு சிறுவர் இல்லம் வேண்டுமா?

2024 ஜூன் 2 (ஒரு வாசகரின் கேள்வி)

"நாங்கள் வெளிநாட்டில் ஒரு கத்தோலிக்கப் பங்கின் இளையோர். தவக்காலத்தில் நடைபவனி போய் ஒரு தொகை சேர்த்திருக்கிறோம். கிளிநொச்சி அல்லது முல்லைத்தீவுப் பக்கம் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் கட்ட வேண்டும் என்பது எல்லோருடைய ஆசை. காணி எங்கே வாங்கலாம்? யாரைப் பிடிக்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்."

2024 ஜூன் 3

காணி பார்க்க வேண்டாம். கல்லும் சீமெந்தும் வாங்க வேண்டாம்.

உங்கள் ஆசை நல்லது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் போர் முடிந்த 2009ஐ மனதில் வைத்துக்கொண்டு 2024இல் கட்டடம் கட்டப் போகிறீர்கள். அந்த மே மாதத்தில் தாயையும் தகப்பனையும் பறிகொடுத்து நின்ற ஐந்து வயதுப் பிள்ளைக்கு இப்போது இருபது வயது. அன்று இல்லங்கள் தேவைப்பட்டன. கன்னியர்களும் குருக்களும் போதகர்களும் கையில் கிடைத்ததை வைத்துக் கூரை போட்டுப் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். அதற்கு இந்த மண் கடன்பட்டிருக்கிறது.

இன்றைக்கு இல்லத்துக்குப் போகிற பிள்ளை யார்? அநேகமாகத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிற பிள்ளை. தாய் குவைத்துக்கோ சவூதிக்கோ வீட்டு வேலைக்குப் போயிருப்பா. தகப்பன் வேறு குடும்பம் எடுத்திருப்பார், இல்லாவிட்டால் கசிப்புக் குடிக்குள் விழுந்திருப்பார். பிள்ளை அம்மம்மாவோடு இருக்கும். அம்மம்மாவுக்கு ஏலாமல் போகும்போது, "எங்கையாவது சேர்த்து விடுங்கோ பிள்ளை" என்று எங்கள் பங்கின் உதவிச் சபையிடம் வருவா. வறுமைதான் பிள்ளையை வீட்டிலிருந்து கிளப்புகிறது. அப்படியானால் காசு போக வேண்டிய இடம் அந்த வீடு.

ஒரு வீட்டைச் சொல்கிறேன். ஒட்டுசுட்டானிலிருந்து காட்டுப் பக்கமாக உள்ளே போகிற ஒரு கிராமம். அம்மம்மா, இரண்டு பேரப்பிள்ளைகள். மூத்தவளுக்குப் பதின்மூன்று வயது. அவளை இல்லத்தில் விட வேண்டும் என்று அம்மம்மா ஒரே பிடி. சாப்பாடு இல்லையா என்று கேட்டோம், இருக்கிறது. பள்ளிக்கூடம் தூரமா என்றோம், இல்லை. நெடுநேரம் கதைத்த பிறகுதான் விஷயம் வந்தது. வீட்டுத்திட்ட வீடு பாதியில் நிற்கிறது. வாசலில் கதவு இல்லை, சீலை தொங்குகிறது. இரவில் ஆரோ வளவுக்குள் நடமாடுகிற சத்தம். கிழவி நித்திரை கொள்ளாமல் வாசலில் கத்தியோடு குந்தியிருக்கிறா. நாங்கள் செய்தது இதுதான்: வேப்பம் பலகைக் கதவு ஒன்று, உள்ளுக்கு இரண்டு கொண்டி, மலசலகூடத்துக்குப் போகிற வழியில் ஒரு மின்குமிழ். பிள்ளை இன்னமும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள்.

ஓர் இல்லத்தின் அத்திவாரச் செலவில் இப்படி எத்தனை வீட்டுக்குக் கதவு போடலாம் என்று உங்கள் கூட்டத்தில் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள்.

2024 ஜூன் 3, இரவு

மேலே எழுதியதை வாசித்துவிட்டு ஒரு சிஸ்டர் மனம் நொந்துவிடக் கூடாது. அதனால் இதையும் எழுதுகிறேன். வீட்டிலேயே ஆபத்து இருக்கிற பிள்ளைகள் உண்டு. அந்தப் பிள்ளைக்கு இல்லம் வேண்டும், அன்றிரவே வேண்டும். ஆனால் அதை நீங்களும் நானும் முடிவு செய்ய முடியாது. நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களமும் நீதிமன்றமும் இருக்கின்றன. பதிவில்லாமல் இல்லம் நடத்த ஏலாது. ஏற்கனவே பதிவோடு நடக்கிற இல்லங்களில் கட்டில் காலியாக இருக்கிறது. சம்பளம் கொடுத்து வைத்திருக்க நல்ல மேட்ரன்மார்தான் இல்லை.

விடுதி வேறு கதை. வவுனியா வடக்கிலும் துணுக்காய்ப் பக்கமும் உயர்தர வகுப்பு இல்லாத பாடசாலைகள் நிறைய. பின்னேர பஸ் தவறினால் பெண்பிள்ளை காட்டு வழியே நடக்க வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்குக் கொன்வென்ட்டில் இரண்டு வருடம் தங்க இடம் கொடுப்பது பெரிய உதவி. வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போய் ஞாயிறு திரும்பி வருவார்கள். அம்மா அம்மாவாகவே இருப்பா.

2024 ஜூன் 8

"அப்போ மாதாமாதம் ஒரு குடும்பத்துக்குக் காசு போட்டுவிட்டால் சரிதானே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சரியில்லை. காசு வேண்டும். அதோடு ஆளும் போக வேண்டும்.

நான் இருப்பது, கத்தோலிக்கப் பொதுநிலையினர் ஏழைகளுக்கு உதவுகிற வின்சென்ட் தே பவுல் சபையில். 1833இல் பாரிசில் பிரெடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவர் தன் கூட்டாளிகளோடு தொடங்கியது. "உங்கள் திருச்சபை இன்றைக்கு ஏழைகளுக்கு என்ன செய்கிறது?" என்று சக மாணவர்கள் கேட்ட கேள்விதான் அவர்களைக் கிளப்பியது. ஏழைகளின் வீட்டுக்கு எப்படிப் போவது என்று அவர்களுக்குக் காட்டிக் கொடுத்தவர் ரொசலி ரெண்டு என்ற கன்னியாஸ்திரி. அன்றைக்குத் தொடங்கிய பழக்கம் இன்றைக்கும் மாறவில்லை: இரண்டு பேராகப் போவது, வீட்டுக்குள் உட்காருவது, அவர்கள் கதைக்கக் கேட்பது. கூட்டம் முடிய ஒரு பை சுற்றி வரும். ஆர் எவ்வளவு போட்டார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. எங்கள் பங்கில் அந்தப் பைக்குள் கைவிட்டு எடுத்துக்கொள்பவரும் இருக்கலாம், அதுவும் ஒருவருக்கும் தெரியாது. எனக்கு இந்தச் சபையில் மிகப் பிடித்தது அது.

வீட்டுக்குப் போகும்போது கொப்பி, பேனை, படிவம் எதுவும் கொண்டு போவதில்லை. வன்னிச் சனம் நிரப்பிய படிவங்களுக்குக் கணக்கில்லை. ஒரு வீட்டில் புதிதாகப் போய் இருந்தவுடனேயே அந்த அம்மா எழும்பிப் போய்ச் சுவரில் ஆணியில் தொங்கிய பொலித்தீன் பையை எடுத்துவந்து பாயில் கொட்டினா. குடும்ப அட்டை, மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாம் அட்டை, மகனைப் பற்றிச் செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கொடுத்த கடிதத்தின் பிரதி, ஆணைக்குழுவுக்குக் கொடுத்த கடிதத்தின் பிரதி, மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி வந்த துண்டு. நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. அவவே எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லத் தொடங்கினா, எங்கே இடம்பெயர்ந்தது, எந்த இடத்தில் மகனைத் தவறவிட்டது, எந்தத் திகதி. குரலில் ஏற்றம் இறக்கம் இல்லை. எத்தனை பேருக்கு அப்படிச் சொல்லியிருப்பா! "அம்மா, அதை உள்ளே வையுங்கோ, நாங்கள் தேத்தண்ணி குடிக்க வந்தனாங்கள்" என்று என்னோடு வந்தவர் சொன்னார். அவ கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்தா. பிறகு கோழியைப் பற்றிக் கதைத்தா.

நானும் மெனிக் பாமில் இருந்தவள். வந்துபோனவர்கள் பலர். கொடுத்தவற்றில் பாதி ஞாபகம் இல்லை. ஒரு சிஸ்டர் மட்டும் கூடாரத்துக்குள் குனிந்து வந்து, "உங்களிடம் என்ன இல்லை?" என்று கேட்டா. அரிசி, பருப்பு, மா எல்லாம் கிடைத்துக்கொண்டிருந்தன. எங்களுக்குப் பேன் சீப்பு இல்லை. தலைமுடி வெட்டிய பெண்பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தார்கள். அடுத்த முறை ஒரு பெட்டி நிறைய பேன் சீப்பு கொண்டு வந்தா. கேட்டால்தான் தெரியும்.

2024 ஜூன் 15

மல்லாவி அண்ணை ஒருவர் காட்டமாக எழுதியிருக்கிறார்: "உதவி என்று வந்து சனத்தை வேதத்துக்கு (கிறிஸ்தவத்துக்கு) இழுக்கிறார்கள், அதை ஏன் மறைக்கிறீர்கள்?"

மறைக்கவில்லை. நடந்திருக்கிறது. அரிசி மூட்டையை வாசலில் வைத்துவிட்டு, "ஞாயிறு ஆராதனைக்கு வாங்கோ, அங்கே மிச்சம் தருவோம்" என்று சொன்ன குழுக்களை நானும் கண்டிருக்கிறேன். பசித்தவரிடம் போய் விசுவாசத்தை விலை பேசுவது பாவம். எந்தச் சபை செய்தாலும் பாவம். அதை நாங்களே சொல்லாவிட்டால் வேறு ஆர் சொல்வது?

வன்னியில் அநேகம் பேர் சைவர்கள். எங்கள் சபை போகிற வீடுகளிலும் அநேகம் சைவ வீடுகள்தான். உள்ளே போகும்போது விபூதித் தட்டு நீட்டினால் மரியாதையோடு வாங்கிக்கொள்வோம். அவர்களாகக் கேட்டாலொழிய அந்த வீட்டில் செபம் சொல்வதில்லை. ஆருக்கு உதவி போகிறது என்று கோவிலில் அறிவிப்பதும் இல்லை. பங்குத்தந்தைக்குத் தெரியும், சபைக்குத் தெரியும், அவ்வளவுதான்.

2018 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள் அண்ணை. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஊர் ஊராகத் தண்ணி. எங்கள் ஆலய மண்டபத்தில் சனம், அம்மன் கோயில் அன்னதானக் கிடாரத்தில் சோறு, மசூதியால் வந்த மரக்கறி. கிடாரத்தைத் தூக்கி வந்த ஐயர் வீட்டுப் பெடியனும் பீடப்பரிசாரகப் பெடியனும் ஒரே உழவு மெஷினில் வந்தார்கள். மடு மாதா கோயிலுக்குப் போகிற எங்கள் வானும் முறிகண்டிப் பிள்ளையாரிடம் நின்று கச்சான் வாங்காமல் போனதில்லை. மடுத் திருநாளுக்கு வருகிற சைவ ஆட்களை நீங்களும் அறிவீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏன் இந்த மண்ணில் குருக்களின் சொல்லுக்கு இவ்வளவு மதிப்பு? அருட்தந்தை சரத்ஜீவன் முள்ளிவாய்க்கால் வரை சனத்தோடு வந்து 2009 மே 18இல் உயிர்விட்டார். அதே நாள் வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு போன அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப்பை அதற்குப் பிறகு ஒருவரும் காணவில்லை. 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை நல்லிணக்க ஆணைக்குழு முன் போய், அரச புள்ளிவிபரங்களையே வைத்து, 1,46,679 பேருக்குக் கணக்கு இல்லை, அவர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அந்தக் கணக்கில் சைவர் எத்தனை, வேதக்காரர் எத்தனை என்று அவர் பிரிக்கவில்லை. உதவிப் பையோடு வீட்டுக்குப் போகிற நாங்கள் அந்த மதிப்பில்தான் போகிறோம். அதைச் சிதைக்க எங்களுக்கு உரிமை இல்லை.

2024 ஜூன் 16

மல்லாவி அண்ணை பதில் போட்டிருக்கிறார். தன் தம்பியின் மகனுக்கு ரியூஷன் காசு கட்டுவது மெதடிஸ்ற் சபைப் போதகர் ஒருவர்தான் என்றும், அவர் ஒரு நாளும் மதம் கதைத்ததில்லை என்றும் எழுதியிருக்கிறார். நன்றி அண்ணை.

2024 ஜூலை 14

இளைஞர்களைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, ஆனால் எனக்கு இப்போது இரவில் நித்திரையைக் கெடுப்பது அதுதான்.

சாதாரண தரம் எழுதி முடித்த பெடியன் என்ன செய்கிறான்? மணல் ஏற்றுகிற ரிப்பர் லொறியில் உதவியாளாக ஏறுகிறான். இரவு வேலை, கையில் அன்றன்றைக்குக் காசு. கொஞ்ச நாளில் லீசிங்கில் மோட்டார் சைக்கிள். பிறகு நித்திரை முழிக்க ஒரு சாமான் தருகிறார்கள், அது ஐஸ் என்ற போதைப்பொருள். இதற்குப் பெரிய கூட்டம் ஒன்றும் தேவையில்லை, ஒரு கூட்டாளி போதும். பதினேழு வயதுப் பிள்ளை கன்னம் ஒட்டிப்போய்ச் சந்தியில் நிற்பதைக் கண்டால் வயிறு எரிகிறது.

பதாகை பிடித்துப் போதை ஒழிப்பு ஊர்வலம் போனோம். போட்டோ வந்தது. ஊர்வலத்தில் வந்த பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் இல்லை, பழக்கம் உள்ள பிள்ளை வரவில்லை. இனி அதற்குக் காசு செலவழிக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

பலன் தந்தது வேறு. ஒரு பெடியனுக்கு ஒரு ஆள், ஒரு தொழில். அறிவியல் நகரில் 2016இல் திறந்த ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது, தொழிற்பயிற்சி அதிகார சபை இருக்கிறது, தொழில் பழகுநர் பயிற்சி கொடுக்கிற நைட்டா இருக்கிறது. என்.வி.கியூ. என்ற தேசியத் தொழிற்தகைமைச் சான்றிதழ் கையில் இருந்தால் கொழும்பிலும் வேலை, வெளியிலும் வேலை. இந்தப் பெயர்களெல்லாம் பெடியங்களுக்குத் தெரியும். அந்தப் படலைக்குள் கால் வைக்கத்தான் கூச்சம். கணிதத்தில் தவறியவனை எடுக்க மாட்டார்கள் என்று தானாகவே நினைத்துக்கொள்கிறான். விண்ணப்பத்தில் என்ன எழுதுவது என்று தெரியாது, கேட்கவும் வெட்கம்.

எங்கள் சபையில் ஓய்வுபெற்ற மின்சார சபை ஊழியர் ஒருவர் இருக்கிறார். பெடியனைத் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவார். வாசலில் இறக்கிவிட்டு வருவதில்லை. உள்ளே போய் மாஸ்ரரோடு கதைத்து, பெடியன் ஸ்பானரைக் கையில் எடுக்கும் வரை பக்கத்தில் நிற்பார். முதல் மூன்று மாதத்துக்குப் பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் சபை கொடுக்கும். ரிப்பர்க் காசு நின்றுபோகிற அந்த மூன்று மாதம்தான் கண்டம். வீட்டில் அம்மாவும் "முந்தி ஆயிரம் ரெண்டாயிரம் தந்தவன்" என்று முறைப்படுவா. அப்போது அம்மாவிடமும் போய்க் கதைக்க வேண்டும். சிலர் நடுவில் விட்டுவிட்டுத் திரும்பவும் ரிப்பரில் ஏறினார்கள். அவர்கள் வீட்டுக்குப் போவதை நாங்கள் நிறுத்தவில்லை.

2024 ஜூலை 15

"ஐஸில் விழுந்த பிள்ளையை என்ன செய்வது?" என்ற கேள்விக்கு: செபத்தால் மட்டும் சுகப்படுத்துகிறோம் என்று சொல்லிக் கொண்டுபோய் அடைத்துவைக்கிற இடங்களுக்கு அனுப்பாதீர்கள். மாவட்ட வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கூடப் போய் வரிசையில் இருங்கள். செபத்தையும் விட வேண்டாம், வைத்தியரையும் விட வேண்டாம்.

2024 ஓகஸ்ட் 4

ஜூனில் கேள்வி கேட்ட இளையோர் குழுவில் சிலர் விடுமுறைக்கு வருகிறார்களாம். இரண்டு கிழமை ஆங்கிலம் படிப்பிக்கலாமா என்று கேட்கிறார்கள்.

வாருங்கள். ஆனால் படிப்பிக்க வேண்டாம். இரண்டு கிழமையில் ஒரு பிள்ளைக்கும் ஆங்கிலம் வராது, உங்கள் மேல் பாசம்தான் வரும். பிறகு நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள். பிரிவு இந்தப் பிள்ளைகளுக்குப் போதும் போதும் என்ற அளவுக்குக் கிடைத்திருக்கிறது.

15ஆம் திகதி மடுத் திருநாள். இலட்சக்கணக்கில் சனம் வரும், காட்டு மரங்களுக்குக் கீழே கூடாரம் அடித்துக் குடும்பம் குடும்பமாகத் தங்கும். அங்கே தொண்டர்களுக்கு வேலை இருக்கிறது. தண்ணித் தாங்கி நிரப்புவது, மலசலகூட வரிசை பார்ப்பது, காணாமல் போன பிள்ளையைத் தாயிடம் சேர்ப்பது, வயது போனவர்களைக் கைபிடித்துக் கூட்டிச் செல்வது. இங்கத்தைய பெடியங்களோடு சேர்ந்து வியர்வை சிந்துங்கள். கூட்டாளிகளாவீர்கள். அந்தச் சிநேகிதம் பிறகு போனிலும் நீளும்.

வரும்போது அந்த இடத்தின் கதையும் தெரிந்திருக்கட்டும். அடைக்கலம் தேடிய சனம் அந்த வளவுக்குள் இருக்கும்போதே 1999 நவம்பரில் ஷெல் விழுந்தது, பிள்ளைகளும் செத்தார்கள். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்க, குருக்கள் மாதாவின் திருச்சொரூபத்தையே தூக்கிக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போக வேண்டி வந்தது. மாதாவும் எங்களோடு இடம்பெயர்ந்தா என்று சனம் சொல்லும்.

பிள்ளைகளுக்குப் பிஸ்கட் பெட்டி கொடுத்துப் படம் எடுக்க வேண்டாம். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். எங்கள் பங்கில் ஒரு பெண்பிள்ளை பத்தாம் ஆண்டு படிக்கும்போது, ஆறு வயதில் கையில் சப்பாத்துப் பெட்டியோடு நின்ற படத்தை ஆரோ முகநூலில் தேடி எடுத்து வகுப்பு முழுக்க அனுப்பியிருந்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை ஒரு கிழமை பள்ளிக்கூடம் போகவில்லை.

2024 செப்ரெம்பர் 8

கடன். இதைத் தொடாமல் குடும்பங்களைப் பற்றிக் கதைக்க முடியாது.

கிழமைக் கடன்காரர் வருகிற நாளில் சில ஒழுங்கைகளில் வீடுகள் பூட்டியிருக்கும், பெண்கள் காட்டோரம் நிற்பார்கள். ஒரு கடனைக் கட்ட இன்னொன்று, அதைக் கட்ட மூன்றாவது. குழுக் கடன் என்றால் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். அயலுக்குள்ளேயே முகம் பாராமல் போய்விடுகிறது. 2018இல் வரட்சி மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்தது. சிலர் மூச்சு விட்டார்கள். பிறகு 2022 பொருளாதார நெருக்கடி வந்து எல்லோரையும் திரும்பவும் உள்ளே தள்ளிவிட்டது.

நல்ல மனதோடு வெளிநாட்டிலிருந்து ஒருவர், "அந்த அக்காவின் கடன் முழுவதையும் நான் கட்டிவிடுகிறேன்" என்றார். நான் மறித்தேன். கடன் எங்கே தொடங்கியது என்று தெரியாமல் கட்டினால் ஆறு மாதத்தில் புதுக் கடன் நிற்கும். இந்த அக்காவுக்குத் தொடங்கிய இடம் விதைப்புக் காலம். ஐப்பசி மழையோடு கச்சான் போட விதை வேண்டும், மெஷின் கூலி வேண்டும், கையில் ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் வாங்கிய கடன்தான் தை, மாசி அறுவடை வரைக்கும் வட்டி குடித்துக் கொழுத்தது. கச்சான் பிடுங்கிய கையோடு யாவாரி சொன்ன விலைக்குக் கொடுத்தாக வேண்டும். அவவுக்கு விதையும் மெஷின் கூலியும் கொடுத்தோம், விளைந்த பிறகு விதை அளவைத் திருப்பித் தரும்படி. திருப்பித் தந்தா. அது அடுத்த அக்காவுக்குப் போனது. பழைய கடனுக்கு, கணக்குத் தெரிந்த சபை உறுப்பினர் ஒருவர் அவவோடு கம்பனிக் கந்தோருக்குப் போய்த் தவணையைக் குறைத்து வாங்கினார். படித்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் அங்கே கதைக்கிற விதமே மாறுகிறது.

அரச நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசுமவும் இப்படித்தான். 2023இல் வந்த பிறகு பெயர் வராமல் விடுபட்ட வீடுகள் உண்டு. மேன்முறையீடு எழுதிக் கொடுக்க, பிரதேச செயலகத்துக்குக் கூடப் போக ஆள் வேண்டும். உங்கள் காசு தேவைப்படாத உதவி இது. உள்ளூரில் க.பொ.த. உயர்தரம் முடித்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிற எந்தப் பிள்ளையும் செய்யலாம்.

2024 செப்ரெம்பர் 29

சாதாரண தரப் பரீட்சை முடிவு வந்துவிட்டது. எங்கள் மாலை வகுப்பில் இரண்டு முறை கணிதத்தில் தவறிய பிள்ளைக்கு இந்த முறை எஸ் (சித்தி)! வகுப்பு எடுத்த தம்பி பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும்போது சம்பளம் இல்லாமல் படிப்பித்தவன், அந்தப் பிள்ளையை விட அவன்தான் கூடக் குதித்தான். தோடம்பழச் சோடா வாங்கி எல்லோருக்கும் ஊற்றினோம்.

2024 நவம்பர் 28

அவசரமாக எழுதுகிறேன், போனில் சார்ஜ் குறைவு. மூன்று நாளாக மழை ஓயவில்லை. ஆலய மண்டபத்தில் சனம் நிரம்பிவிட்டது. உயர்தரப் பரீட்சை தொடங்கிய கிழமையிலேயே இப்படி. முதல் நாட்களில் பிள்ளைகளை உழவு மெஷினில் ஏற்றி நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள், அனுமதி அட்டையைப் பொலித்தீனில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு. நேற்றிலிருந்து பரீட்சையே ஒத்திவைப்பு. மண்டபத்து மேடையில் திரைச்சீலை இழுத்து, பரீட்சைப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறோம். ஒரு மின்விளக்கு, பாய், பிளேன்டீ. சின்னனுகள் அந்தப் பக்கம் போகாமல் ஓர் அம்மம்மா காவல்.

உதவ நினைப்பவர்களுக்கு: பழைய உடுப்பு வேண்டாம். பெண்களுக்கான நப்கின், நுளம்புத்திரி, பால்மா, பெரியவர்களின் பிரசர், சீனி வருத்தக் குளிசைக்கு வழி. பாணும் பருப்பும் போதுமான அளவு வருகிறது.

2024 டிசம்பர் 5

பரீட்சை நேற்றுத் திரும்பத் தொடங்கியது. சனம் வீடு திரும்பிவிட்டது. செய்தியும் முடிந்துவிட்டது, உதவி வாகனங்களும் முடிந்துவிட்டன. இப்போதுதான் வேலை.

கிணறுகள். வெள்ளம் ஏறிய கிணற்றில் மலசலகூடக் குழித் தண்ணியும் சேர்ந்திருக்கும். பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும், குடிக்க ஏலாது. இளையோர் மன்றப் பெடியங்கள் பம்ப் ஒன்றை இரவல் வாங்கி வளவு வளவாக இறைக்கிறார்கள். ஒரே மூச்சில் இறைத்தால் ஈர மண் உள்ளே தள்ளிக் கட்டு சரிந்துவிடும் என்று ஒரு கிழவர் சொல்லிக் கொடுத்தார். கொஞ்சம் இறைத்து, நிறுத்தி, ஊறவிட்டு, திரும்ப இறைக்கிறார்கள். கடைசியில் ஒருவன் கயிற்றில் இறங்கிச் சேற்றை வாளியில் அள்ளுவான். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா குளோரின் தந்து அளவும் சொல்லிவிட்டார். இறங்குகிறவர்களில் ஒருவன் ஜூலையில் நான் எழுதிய, நடுவில் விட்டுவிட்டு ரிப்பருக்குப் போன பெடியன். மழையால் ரிப்பர் ஓடவில்லை, சும்மா இருந்தவனை மன்றத்துப் பெடியங்கள் கூப்பிட்டார்கள், வந்தான். ஒரு கிணற்றில் ஆமை ஒன்றைப் பிடித்துக்கொண்டு மேலே வந்து, இதுக்கும் நிவாரண அட்டை போடுங்கோ என்றான். வளவே சிரித்தது.

2024 டிசம்பர் 12

இல்லம் கட்டுகிற எண்ணத்தை விட்டுவிட்டோம், காசை எப்படி அனுப்புவது என்று இளையோர் குழு கேட்டிருக்கிறது.

என்னுடைய பெயருக்கு அனுப்ப வேண்டாம், எந்தத் தனி ஆளின் பெயருக்கும் வேண்டாம். பங்குக் கணக்கில், பங்குத்தந்தையோடு பொதுநிலையினர் இருவரும் சேர்ந்து கையொப்பம் வைத்தால்தான் எடுக்கலாம் என்று ஒழுங்கு செய்யுங்கள். ஒரேயடியாகச் செலவழிக்கச் சொல்லாதீர்கள், மூன்று வருடத்துக்குப் பிரித்துத் தாருங்கள். தவணைக்கு ஒரு முறை கடிதமும் கணக்கும் வரும். குடும்பங்களின் பெயரோ படமோ வராது. அதற்கு உங்கள் ஆட்கள் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காதவர்களின் காசை நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வாகனத்துக்கு ஒதுக்க வேண்டாம், மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் போதும். வீடுகளுக்குப் போகிற எங்களுக்குக் கொடுப்பனவு எதுவும் வைக்காதீர்கள். பெடியங்களின் முதல் மூன்று மாதப் பஸ் காசு, விதைக் கச்சான், கதவு, கொண்டி, மின்குமிழ், விடுதிப் பிள்ளைகளின் சாப்பாட்டுக் காசு, இவைதான் தலைப்பு. அதற்குள் மாற்றிக்கொள்ள எங்களுக்கு விட்டுவிடுங்கள்.

பம்ப் ஒன்று வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வாங்கலாம். இரண்டு அங்குலம் போதும், குழாய் நீளமாக எடுங்கள். வெளியிலிருந்து அனுப்ப வேண்டாம், கிளிநொச்சிக் கடையில் எடுத்தால் பழுதடைந்தால் திருத்தவும் அங்கேயே ஆள் இருக்கிறது.